ஆபிரகாம் இலிங்கனும் காஞ்சி அண்ணாவும்
(செங்கற்பட்டில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செங்கழுநீர்ப்பட்டு என்னும் இச் செங்கற்பட்டும், கடல்மல்லை எனப் புகழ்பெற்ற மாமல்லபுரக் கடற்கரையும், காஞ்சி மூதூரும் நெடுங்காலம் ஒரே நிலமாய் வாழ்ந்தவை. பல்லவர் காலத்தில் காஞ்சி அரசிருக்கை. மல்லை அதன் கடல்வாயில். ஆங்கிலர் காலத்திலும் அதன் பின்னரும் இம் மூன்றும் செங்கற்பட்டு மாவட்டத்துள்ளேயே அடங்கின. 1997ஆம் ஆண்டு அம் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019ஆம் ஆண்டு காஞ்சியினின்று செங்கற்பட்டு தனி மாவட்டமாய்ப் பிரிந்தது. மல்லையும் அதனோடு வந்தது. ஆட்சியாளர் கோடுகளை மாற்றி வரையலாம்; வரலாறு வரைந்த உறவு மாறுவதில்லை. பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916ஆம் ஆண்டு தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கிவைத்த மறைமலையடிகளுக்கு இடந்தந்ததும் இப் பழைய மாவட்டமே. காஞ்சியில் அண்ணாவை ஈன்றதும் இதுவே.

அவ் அண்ணாவின் வாழ்வை, அமெரிக்க நாட்டின் பதினாறாம் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் இலிங்கனின் வாழ்வோடு ஒருங்கு வைத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம். இருவரும் எளிய குடியிற் பிறந்தனர். இருவரும் படையாலும் பணத்தாலும் அன்றிச் சொல்லால் உயர்ந்தனர். இருவர் முன்னும் ஒரே வினா நின்றது: ஒரு பெருங்கூட்டாட்சியின் ஓர் உறுப்பு, தன் வழியே தனித்துச் செல்லலாமா? அவ் வினாவிற்கு இருவரும் எதிரெதிர் முனைகளினின்று விடை தேடினர். ஆகவே இவ் ஒப்பீடு வெறும் புகழ்ச்சிக்குரியதன்று. தமிழ்மக்கள் தம் அரசியலை எடைபோடுதற்குரிய துலாக்கோல்.

பிறப்பும் வளர்ப்பும்

இலிங்கன் 1809ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 12ஆம் நாள், கெண்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஓர் அறைக் குடிலிற் பிறந்தார். ஒன்பதாம் அகவையில் தாயை இழந்தார். பின்னர் வந்த சிற்றன்னை சாராள் அம்மையாரே அவரைப் பரிவோடு வளர்த்தார். அவர் பள்ளியிற் கழித்த நாள்களையெல்லாம் கூட்டினும் ஓராண்டு நிரம்பாது. மரம் பிளந்தார்; படகு ஓட்டினார்; கடை நடத்தினார்; அஞ்சல் நிலையம் பார்த்தார்; நிலம் அளந்தார்; கடன் வாங்கிய நூல்களைத் தாமே கற்று வழக்குரைஞரானார்.

சரியாக நூறாண்டு கழித்து, 1909ஆம் ஆண்டு செபுதம்பர்த் திங்கள் 15ஆம் நாள், காஞ்சியில் நெசவுக் குடியொன்றில் நடராசனார்க்கும் பங்காரு அம்மையார்க்கும் மகனாய் அண்ணாத்துரை பிறந்தார். அவரை வளர்த்தவர் சிற்றன்னையாகிய இராசாமணி அம்மையார். 'தொத்தா' என்று அவரை அண்ணா வாயார அழைத்ததைக் காஞ்சி மக்கள் நன்கறிவர். காஞ்சிப் பச்சையப்பன் பள்ளியிற் கற்று, இடையே காஞ்சி நகராட்சியில் எழுத்தராய்ச் சிறிது காலம் பணிசெய்து, பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பொருளியலும் அரசியலும் பயின்று 1934ஆம் ஆண்டு சிறப்புநிலைப் பட்டம் பெற்றார். தறியின் ஓசை கேட்டு வளர்ந்த செவிக்கு உலக அரசியலின் ஓசையும் அக் கல்லூரியிற் கேட்டது.

அதே 1934ஆம் ஆண்டிற்றான் திருப்பூரிற் பெரியாரைக் கண்டார். அன்றுமுதல் அவர் வாழ்வு பொதுவாழ்வாயிற்று. 'விடுதலை', 'குடியரசு' ஆகிய இதழ்களிற் பணியாற்றினார். 1938ஆம் ஆண்டு இந்தித் திணிப்பை எதிர்த்துப் பேசியமைக்காக நான்கு திங்கள் சிறையிருந்தார். 1942ஆம் ஆண்டு காஞ்சியினின்றே 'திராவிட நாடு' கிழமையிதழைத் தொடங்கினார்.

சொல்லே படைக்கலம்

1858ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஏழு ஊர்களில், அடிமை முறை பரவலாமா கூடாதா என்பதுபற்றி, தகளசு என்னும் வல்லாளரோடு இலிங்கன் சொற்போர் புரிந்தார். வெயிலென்றும் மழையென்றும் பாராது பல்லாயிரவர் மணிக்கணக்கில் நின்று கேட்டனர். அத் தேர்தலில் இலிங்கன் தோற்றார். ஆயின் அச் சொற்போரே அவரை நாடறியச் செய்தது.

அண்ணாவிற்கும் அத்தகைய சொற்களம் வாய்த்தது. 1943ஆம் ஆண்டு கம்பராமாயணம்பற்றிச் சென்னையில் இரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அவர் சொற்போர் நிகழ்த்தினார். எதிர்நின்றோர் இருவரும் பெரும்புலவர்கள். அண்ணாவின் அகவையோ முப்பத்து மூன்று. புலவரவையில் மட்டும் பேசப்பட்ட இலக்கியத்தை ஊர்மன்றத்திற்குக் கொணர்ந்து, உழவரும் நெசவரும் மாணவரும் வழக்காடும் பொருளாக்கிய நிகழ்ச்சி அது. இதன் பின்னிகழ்வும் நினைக்கத்தக்கது. 1968ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தபோது, முதலமைச்சராயிருந்தவர் அண்ணா. அம் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் வள்ளுவர், ஒளவையார், கண்ணகி, பாரதிதாசன், கால்டுவெல், போப்பு, வீரமாமுனிவர் ஆகியோர் சிலைகளோடு கம்பர் சிலையும் உண்டு. கருத்தோடு போரிட்டவர், தமிழுக்குக் கம்பன் தந்த செல்வத்தை மறுக்கவில்லை. மாற்றாரைப் பகைவராக்காத அப் பண்பு இலிங்கனிடத்தும் இருந்தது. தம்மோடு தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டவர்களையே அவர் தம் அமைச்சரவையில் அமர்த்தினார்.

தனித்தமிழ் நோக்கிற் காண்பார்க்கு அண்ணாவின் நடைபற்றிக் குறை கூற இடமுண்டு. அவர்தம் தொடக்க கால எழுத்துகளில் வடசொற்கள் மிகுதி. 'திராவிடம்' என்னுஞ் சொல்லே தமிழ்ச் சொல்லன்று என்பாரும் உளர். அக் குறைகள் உண்மையே. எனினும், அவர்தம் மேடைத்தமிழ் எளிய மக்களின் வாயிலும் செந்தமிழ்த் தொடர்களை ஏற்றியது. 'அக்கிராசனர்' அவைத்தலைவரானதும், 'உபந்நியாசம்' சொற்பொழிவானதும், 'சுதந்திரம்' விடுதலையானதும் அகரமுதலிகளால் மட்டும் நிகழ்ந்தனவல்ல. அடிகளாரும் அவர் வழிவந்த புலவர்களும் சொற்களை ஆக்கித் தந்தனர். மேடையும் இதழும் அவற்றை ஊர்தோறுங் கொண்டுசேர்த்தன.

தோல்வியும் ஏற்றமும்

1949ஆம் ஆண்டு செபுதம்பர் 17ஆம் நாள், சென்னை இராயபுரத்துப் பூங்காவிற் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. பெரியாரைப் பிரிந்த போதும், தலைவர் நாற்காலியை அவர்க்கென்றே வெறிதாக விட்டுவைத்துப் பொதுச்செயலாளராகவே அண்ணா பணியாற்றினார். 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் காஞ்சியில் வென்று, பதினைந்து உறுப்பினரோடு சட்டமன்றம் புகுந்தார். 1962ஆம் ஆண்டு கழகம் ஐம்பது இடங்களை வென்றது. ஆனால் அண்ணா தம் காஞ்சியிலேயே தோற்றார். தன் ஊரார் கைவிட்டபோது பிறர் சோர்வர். அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். அங்குச் சென்றமையால் அவர் குரல் தமிழகத்திற்கு வெளியிலும் கேட்டது. தோல்வியே பெரிய மேடைக்குப் படியானது, இலிங்கனுக்கு 1858இல் நேர்ந்ததைப் போலவே.

1967ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார். அவர்க்கு முன் அப் பதவியில் இருந்த பக்தவத்சலனாரும் இச் செங்கற்பட்டு மாவட்டத்து நசரேத்துப்பேட்டையிற் பிறந்தவரே. 1965ஆம் ஆண்டின் மொழிப்போரில் மாணவரை ஒடுக்கிய ஆட்சிக்கு அத் தேர்தலில் மக்கள் விடையளித்தனர்; திருப்பெரும்பூதூரில் அம் முதலமைச்சரே தோற்றார். வென்றவுடன் அண்ணா திருச்சிக்குச் சென்று, தேர்தலில் தம்மை எதிர்த்த பெரியாரைக் கண்டு வணங்கினார். அவ்வாட்சியே பெரியார்க்குக் காணிக்கை என்றும் அறிவித்தார்.

செங்கற்பட்டிற் பிறந்த தீர்மானம்

அண்ணாவின் ஆட்சி ஈராண்டும் நிரம்பாதது. அக் குறுங்காலத்தில் அவர் செய்தவற்றுள் மூன்று, காலத்தை வென்று நிற்பன.

முதலாவது, தன்மதிப்புத் திருமணச் சட்டம். இதன் வேர் இவ்வூரில் உள்ளது. 1929ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் 'சுயமரியாதை' இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு செங்கற்பட்டிலேயே கூடியது. சாதிப் பட்டங்களைத் துறக்கவும், பெண்களுக்குச் சொத்துரிமை வழங்கவும், குருக்களின்றி எளிய முறையில் மணஞ்செய்யவும் அம் மாநாடு வழிகூறியது. அவ்வாறு மணந்தோர் பல்லாயிரவர். ஆயினும் அம் மணங்கள் சட்டத்தின் முன் செல்லுமா என்னும் ஐயம் அவர்தம் மனைவியரையும் மக்களையும் வாட்டியது. 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அறிந்த மொழியில் உரைத்து, மாலை மாற்றியோ கணையாழி அணிவித்தோ தாலி கட்டியோ கொண்ட மணம் செல்லும் என்றது. முன்னர் நிகழ்ந்த மணங்களுக்கும் அவ் ஏற்பை வழங்கியது. செங்கற்பட்டில் மேடையில் எழுந்த சொல், முப்பத்தெட்டு ஆண்டு கழித்துக் கோட்டையிற் சட்டமாயிற்று. பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்னும் மற்றைச் சொல்லோ 1989ஆம் ஆண்டிற்றான் தமிழ்நாட்டிற் சட்டமாயிற்று.

இரண்டாவது, இருமொழிக் கொள்கை. 1968ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் சட்டமன்றம் ஏற்ற தீர்மானத்தால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளினின்று இந்தி விலக்கப்பட்டது. தமிழும் ஆங்கிலமும் நின்றன. 1939ஆம் ஆண்டு சிறையில் நோயுற்று உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோர் தொடங்கிப் பலர் ஈந்த உயிர்களுக்கு அத் தீர்மானமே அரசளித்த விடை.

மூன்றாவது, நாட்டின் பெயர். 'தமிழ்நாடு' எனப் பெயரிடல் முதலிய கோரிக்கைகளுக்காக எழுபத்தாறு நாள் உண்ணாநோன்பிருந்து 1956ஆம் ஆண்டு அத்தோபர் 13ஆம் நாள் உயிர்துறந்தவர் சங்கரலிங்கனார். பெயர் மாற்றத்தால் என்ன பெறுவீர் என்று மாநிலங்களவையிற் கேட்டபோது, நாடாளுமன்ற அவைகளுக்கும் குடியரசுத் தலைவர்க்கும் இந்திப் பெயர் சூட்டி நீவிர் பெற்றது யாது என்னும் பொருள்பட அண்ணா வினவினார். 1967ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் சட்டமன்றம் ஒருமனதாய்த் தீர்மானம் ஏற்றது. 'தமிழ்நாடு' என முதலமைச்சர் முழங்க, 'வாழ்க' என அவை மும்முறை ஆர்ப்பரித்தது. 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், பொங்கற்றிருநாளில் அப் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அண்ணா உயிரோடிருந்த நாள்கள் இருபதே.

பிரிவினை என்னும் வினா

இனி, இரு வாழ்வுகளும் மோதும் இடத்திற்கு வருவோம். இலிங்கன் 1861ஆம் ஆண்டு பதவியேற்குமுன்பே ஏழு தென்மாநிலங்கள் பிரிந்துவிட்டன. பின்னர் மேலும் நான்கு பிரிந்தன. அப் பிரிவை ஏலாது அவர் போரிட்டார். நான்காண்டுப் போரில் ஆறு இலக்கத்திற்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அம் மாநிலங்கள் பிரிந்தது தம் மொழிக்காகவோ பண்பாட்டிற்காகவோ அன்று. மாந்தரை மாந்தர் விற்று வாங்கும் உரிமையைக் காப்பதற்காக. ஆகவே அப் பிரிவினையையும் இங்கெழுந்த கோரிக்கையையும் ஒன்றென உரைப்பது பிழை.

அண்ணாவோ பிரிவினையைக் கேட்டவர். 1962ஆம் ஆண்டு சீனப் படையெடுப்பு நேர்ந்தது. 1963ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் பதினாறாம் திருத்தம், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என உறுதி கூறாதார் தேர்தலில் நிற்கலாகாது என்றது. அவ் ஆண்டிலேயே கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கைக்குரிய கரணியங்கள் அப்படியே உள்ளன என்று கூறிக்கொண்டே அண்ணா அதனைக் கைவிட்டார். அதனை இரண்டகம் என்றார் சிலர். அறிவுடைமை என்றார் சிலர். இரு கூற்றிற்கும் இடமுண்டு. கைவிடாதிருப்பின் இயக்கம் தடைசெய்யப்பட்டிருக்கும். 1967ஆம் ஆண்டும், மேற்கூறிய மூன்று பேறுகளும் வந்திரா. கைவிட்டமையாலோ, மாநில உரிமை என்பது தில்லியிடம் கேட்டுப் பெறும் பொருளாகவே இன்றுவரை நிற்கிறது.

இங்கேதான் இலிங்கன் காத்த கூட்டாட்சியையும் இந்தியக் கூட்டாட்சியையும் உற்றுநோக்கல் வேண்டும். அமெரிக்காவில் மாநில ஆளுநரை அம் மாநில மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். இங்கோ தில்லி அமர்த்துகிறது. அங்கு நடுவணரசுக்கு எழுதிக் கொடுக்கப்படாத உரிமைகள் மாநிலத்திற்கும் மக்களுக்கும் உரியவை. இங்கு எஞ்சிய உரிமைகள் நடுவணரசுக்கே உரியவை. அங்கு மேலவையிற் பெரிய மாநிலத்திற்கும் சிறிய மாநிலத்திற்கும் இரண்டிரண்டு உறுப்பினர். இங்கு மாநிலங்களவையில் உத்தரப்பிரதேசத்திற்கு 31, தமிழ்நாட்டிற்கு 18. அங்கு ஒரு மாநிலத்தின் எல்லையை அதன் ஒப்புதலின்றி வெட்ட இயலாது. இங்கு மாநிலத்தின் கருத்தைக் கேட்டுவிட்டு, அது மறுப்பினும், நாடாளுமன்றம் வெட்டலாம், ஒட்டலாம். தமிழன் தன் நாட்டிற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதற்கும் தில்லியின் சட்டம் வேண்டியிருந்தது. பிரிந்துசெல்வதைப் போரிட்டுத் தடுத்த நாடே மாநிலங்களுக்கு இத்துணை உரிமை வழங்கியுள்ளது எனின், உரிமை கேட்பாரைப் பிரிவினையாளர் என்று தூற்றுவது எத்துணைப் பொருந்தாக் கூற்று!

நிழலும் உண்டு

பெரியோர் வாழ்வில் ஒளியை மட்டும் பேசுவது வரலாறாகாது. 1862ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் மின்னசோட்டாவில் தகோட்டாப் பழங்குடியினர் முப்பத்தெண்மர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். முந்நூற்றுக்கும் மேற்பட்டோர்க்கு விதிக்கப்பட்ட சாவுத் தண்டனையை அந்த அளவிற்குக் குறைத்தவர் இலிங்கன். எஞ்சியோரைத் தூக்கிலிட ஒப்பமிட்டவரும் அவரே. 1863ஆம் ஆண்டு அவர் விடுத்த அடிமை விடுதலை அறிவிப்பும் கிளர்ந்தெழுந்த மாநிலங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது.

அண்ணாவின் ஆட்சியில், 1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்த்தஞ்சைக் கீழவெண்மணியில் நெல்லுக்கூலி சிறிது உயர்த்திக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் நாற்பத்து நால்வர், பெண்டிரும் குழந்தைகளுமாய், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அண்ணா அப்போது நோய்வாய்ப்பட்டிருந்தார், உள்ளம் நொந்தார், அமைச்சரை அனுப்பினார். எனினும் ஏழையர் அரசு என்று எழுந்த அரசின் காவல் அவ் ஏழையர்க்குக் கிட்டவில்லை. தண்டிக்கப்பட்ட நிலக்கிழாரையும் பின்னர் உயர்வழக்கு மன்றம் விடுவித்தது. தமிழர் உரிமை பேசுவார் யாராயினும், சேரித் தமிழரின் உயிர்க்கு ஈடு கூறாது பேசுதல் கூடாது.

இறுதி நாள்கள்

1968ஆம் ஆண்டு அண்ணா இலிங்கனின் நாட்டிற்கு இருமுறை சென்றார். முதன்முறை, யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பின்பேரில், அறிஞராய். இரண்டாம் முறை, செபுதம்பர்த் திங்களில், நியூயார்க்கு மருத்துவமனையிற் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் பெற நோயாளியாய். நவம்பரில் திரும்பினார். நலிந்த உடலோடும் பணியாற்றி, 1969ஆம் ஆண்டு பெப்ருவரி 3ஆம் நாள் மறைந்தார். இறுதி ஊர்வலத்திற் கூடிய மக்கட்கடல் உலகம் காணாதது. இலிங்கன் 1865ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் நாடக அரங்கிற் சுடப்பட்டு மறுநாள் மறைந்தார். அடிமை முறையை நாடு முழுதும் ஒழித்த பதின்மூன்றாம் சட்டத் திருத்தம் அவ் ஆண்டு திசம்பரிற்றான் நிறைவேறி முடிந்தது. அதனைக் காண அவர் இல்லை. ஒருவர் குண்டுக்கும் ஒருவர் நோய்க்கும் இரையாயினர். தாம் நட்டதன் கனியை இருவருமே நிறைவாய்த் துய்க்கவில்லை.

எஞ்சிய கடன்

அண்ணாவின் மறைவிற்குப் பின் மாநில உரிமையின் கதை என்னாயிற்று? 1969ஆம் ஆண்டு அமைந்த இராசமன்னார் குழு 1971ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. 1974ஆம் ஆண்டு சட்டமன்றம் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் ஏற்றது. தில்லி செவிசாய்க்கவில்லை. மாறாக, 1976ஆம் ஆண்டு நெருக்கடி நிலையின்போது கல்வியே மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோகப்பட்டது. 2006ஆம் ஆண்டு, உயர்வழக்கு மன்றத்தில் தமிழே வழக்காடு மொழியாதல் வேண்டும் எனச் சட்டமன்றம் தீர்மானித்தது. அக் கோரிக்கை இன்றும் நிறைவேறவில்லை. 2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு மாநில உரிமைகளை ஆய மீண்டும் ஒரு குழுவை அமைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் குழு அமைக்கும் நிலையிலேயே நாடு நிற்கிறது.

இதற்குத் தில்லியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. மாமல்லைக் கடற்கரைச் சாலையிற் செல்வோர் இருபுறமும் நோக்குக. விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் எத்துணை தமிழில் உள்ளன? செங்கற்பட்டில் 'தமிழ் வாழ்க' என்று எழுதியவர் வீட்டுப் பிள்ளைகளுள் எத்துணையர் தமிழ்வழியிற் கற்கின்றனர்? தன்மதிப்புத் திருமணச் சட்டம் உருவான மண்ணில், சாதி பாராத மணங்கள் எத்துணை? சட்டம் வழி திறக்கும். நடக்க வேண்டியவர் மக்களே.

மல்லைக் கடற்கரைப் பாறைகளிற் சில, சிற்பி பாதி செதுக்கிய நிலையிலேயே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாய்க் கிடக்கின்றன. உளிபட்ட இடம் தெளிவாய்த் தெரிகிறது. எஞ்சியது பாறையாகவே உள்ளது. அண்ணா விட்டுச்சென்ற பணியும் அத்தகையதே. பெயர் செதுக்கப்பட்டது; மொழிக்கு ஒரு வேலி செதுக்கப்பட்டது; மணவுரிமை செதுக்கப்பட்டது. ஆட்சிமொழியும், கல்வியுரிமையும், சாதியற்ற குமுகாயமும் இன்னும் பாறைக்குள்ளேயே உள்ளன. உளியை எடுக்க வேண்டியவர் இவ் அவையில் அமர்ந்திருக்கும் இளைஞரே.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!